அரை மணி நேரத்துக்குப் பிறகும் ஓடும் போன்: மொபைல் விளையாட்டுக்காக ஸ்மார்ட்போன் தேர்ந்தெடுப்பது எப்படி

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும் எந்தப் புதிய போனும் முதல் ஐந்து நிமிடங்களுக்கு நன்றாகவே ஓடும். குளிரூட்டப்பட்ட அறை, செயலிகள் அதிகம் நிறுவப்படாத நினைவகம், போனின் மூளையான, இன்னும் சூடேறாத சிப் என எல்லாமே அப்போது போனுக்குச் சாதகமாக இருக்கின்றன. போன்களுக்கு இடையிலான வேறுபாடு தெரியத் தொடங்குவது வீட்டில், கோடைக்கால மாலையில், கனமான ஒரு விளையாட்டை இருபது நிமிடம் ஆடிய பிறகுதான். காட்சி விட்டுவிட்டு நகரும். விரல் தொட்டதற்கும் திரை பதில் தருவதற்கும் இடையே இடைவெளி விழும். பின்புறம் கையைச் சுடும். திரையின் வெளிச்சம் தானாகக் குறையும். எனவே விளையாட்டுக்காகப் போன் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அரை மணி நேரம் ஆடிய பிறகும் தொடக்கத்தில் தந்த வேகத்தை இந்தப் போன் தருமா என்பதே. விளம்பரங்களும் விவரப் பட்டியல்களும் இதற்கு நேரடியாக விடை சொல்வதில்லை. ஆனால் எதை எங்கே பார்ப்பது என்று தெரிந்துகொண்டால், வாங்குவதற்கு முன்பே விடையைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

என்ன ஆடப் போகிறீர்கள்?

லூடோ கிங், சதுரங்கச் செயலிகள், கேண்டி கிரஷ் போன்றவற்றை மட்டும் ஆடுகிறவர் சிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இன்று விற்பனையில் உள்ள ஏறக்குறைய எந்தப் போனும் அவருக்குப் போதும். பணத்தை நல்ல திரைக்கும் பேட்டரிக்கும் செலவிடலாம். பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா), கால் ஆஃப் டூட்டி மொபைல், ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் போன்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகள் அடுத்த நிலையில் வருகின்றன. இவற்றில் காட்சி அழகாக இருப்பதைவிட, எதிராளி கண்ணில் பட்ட அந்த நொடியில் காட்சி தடுமாறாமல் இருப்பதுதான் முக்கியம். கென்ஷின் இம்பாக்ட், வுதரிங் வேவ்ஸ் போன்ற பரந்த திறந்த உலக விளையாட்டுகள் மூன்றாம் நிலை. விலை உயர்ந்த போன்களையும் திணறச் செய்பவை இவையே. வாங்க நினைக்கும் போன் கென்ஷின் இம்பாக்டை நிலையாக ஓட்டுகிறது என்று தெரிந்தால், மற்றவற்றைப் பற்றிப் பெரிதாக ஆராய வேண்டியதில்லை.

இந்த மூன்று நிலைகளில் உங்களுடையது எது என்று முடிவு செய்யுங்கள். ஒரே ஒரு விளையாட்டை மட்டும் மனத்தில் வைத்துப் போன் வாங்காதீர்கள். இந்தியாவில் 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. அதன் இடத்தில் 2021 ஜூலையில் வந்த பிஜிஎம்ஐ, 2022 ஜூலையில் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, சுமார் பத்து மாதங்களுக்குப் பிறகு 2023 மே மாதத்தில்தான் திரும்பி வந்தது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டது. மூன்று ஆண்டு வைத்திருக்கப் போகும் போனை, அடுத்த ஆண்டு இருக்குமா என்று தெரியாத ஒரு விளையாட்டின் தேவையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது சரியான வழியாகாது.

திரையின் வேகமும் விளையாட்டின் வேகமும்

விவரப் பட்டியலில் 120 ஹெர்ட்ஸ், 144 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருப்பது, திரை ஒரு நொடியில் எத்தனை முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியும் என்பதை மட்டுமே சொல்கிறது. விளையாட்டு ஒரு நொடியில் எத்தனை ஃபிரேம்களை, அதாவது தனித்தனிக் காட்சிப் படங்களை, வரைந்து தருகிறது என்பது வேறு கணக்கு; அது சிப்பின் வேலை. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால், ஒவ்வொரு ஃபிரேமையும் சிப் 16.7 மில்லி நொடிக்குள் முடித்தாக வேண்டும். 90 ஃபிரேமுக்கு 11.1 மில்லி நொடி. 120 ஃபிரேமுக்கு 8.3 மில்லி நொடிதான் அவகாசம். 120 ஹெர்ட்ஸ் திரையுடன் வரும் பல விலை குறைந்த போன்களின் சிப்புக்கு, கனமான விளையாட்டில் 60 ஃபிரேமைத் தொடர்ந்து தருவதே பெரும்பாடு. அத்தகைய போனில் அந்தத் திரை மெனுக்களை வழுவழுப்பாக நகர்த்தப் பயன்படுமே தவிர, ஆட்டத்துக்கு உதவாது.

போன் தயாராக இருந்தாலும் விளையாட்டு அனுமதிக்க வேண்டும் என்பது இன்னொரு சிக்கல். பிஜிஎம்ஐ போன்றவை 90, 120 ஃபிரேம் தேர்வுகளைத் தாங்கள் அங்கீகரித்த மாடல்களில் மட்டுமே திறந்துவிடுகின்றன. சிப் ஒன்றாகவே இருந்தும் ஒரு மாடலில் 90 ஃபிரேம் கிடைத்து, வேறொரு மாடலில் 60 ஃபிரேமோடு நின்றுவிடுவது இதனால்தான். உயர் ஃபிரேமுக்காகவே பணம் செலவிடுகிறீர்கள் என்றால், நீங்கள் வாங்கப்போகும் அதே மாடலில் விளையாட்டின் கிராஃபிக்ஸ் அமைப்புப் பக்கத்தைக் காட்டும் காணொளி ஒன்றைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சிப்பின் பெயரைப் படிப்பது

போனின் விலையில் எந்தப் பகுதிக்கு அதிகம் செலவிட வேண்டும் என்று கேட்டால், தயக்கமின்றிச் சிப்புக்கு என்பேன். கேமராவின் மெகாபிக்சல், பின்புறக் கண்ணாடி, வளைந்த திரை ஆகிய எதுவும் ஆட்டத்துக்குச் சிறிதும் உதவுவதில்லை. 2018 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்த போக்கோ எஃப்1 இதை நன்றாகவே நிரூபித்தது. பிளாஸ்டிக் உடலும் எளிமையான தோற்றமும் கொண்ட அந்தப் போன், அந்த ஆண்டின் உச்சநிலைச் சிப்பான ஸ்னாப்டிராகன் 845-ஐ ரூ.20,999 தொடக்க விலையில் தந்தது. விளையாடுகிறவர்கள் பலர் அதைப் பல ஆண்டுகள் விடாமல் வைத்திருந்தார்கள்.

ஆனால் சிப்புகளின் பெயர்கள் வாங்குகிறவரைக் குழப்பும் விதத்தில் அமைந்திருக்கின்றன. ஸ்னாப்டிராகன் சிப்புகளைத் தரும் குவால்காம் நிறுவனம் 2023 மார்ச்சில் ஸ்னாப்டிராகன் 7 பிளஸ் ஜென் 2 என்ற சிப்பை அறிவித்தது; அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்னாப்டிராகன் 7எஸ் ஜென் 2 வந்தது. இரண்டின் பெயரிலும் 7 இருக்கிறது, இரண்டிலும் ஜென் 2 இருக்கிறது, பின்னதுதான் புதியது. ஆனாலும் விளையாட்டில் முன்னதன் அருகே கூடப் பின்னதால் வர முடியாது, ஏனெனில் ஒன்றில் அட்ரினோ 725 கிராஃபிக்ஸ் பகுதியும் மற்றதில் அட்ரினோ 710-உம் இருக்கின்றன. பொதுவாக, எண்ணுக்குப் பின் எஸ் வந்தால் வேகம் குறைக்கப்பட்ட வடிவம் என்றும், பிளஸ் வந்தால் கூட்டப்பட்ட வடிவம் என்றும் கொள்ளலாம். இன்னொரு சிப் நிறுவனமான மீடியாடெக்கிலும் இதே நிலைதான். டைமென்சிட்டி 7300, டைமென்சிட்டி 8300 ஆகிய இரண்டும் 4 நானோமீட்டர் முறையில் தயாரானவை. இரண்டிலும் மாலி ஜி615 என்ற ஒரே பெயருடைய கிராஃபிக்ஸ் பகுதிதான் இருக்கிறது. ஆனால் 7300-இல் அதற்கு இரண்டு கோர்களும் (கணக்கிடும் அலகுகள்) 8300-இல் ஆறு கோர்களும் உள்ளன. ஆகவே சிப்பின் முழுப் பெயரையும் ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டு, அதன் கிராஃபிக்ஸ் பகுதி எது, எத்தனை கோர் என்று தேடிப் பாருங்கள். சி.பி.யு. கோர்களின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஏறக்குறைய எல்லாப் போன்களிலும் அது எட்டுதான்.

சிப் எங்கே தயாரானது என்பதும் சில நேரங்களில் முக்கியமாகிவிடுகிறது. ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சாம்சங் ஆலையில் தயாரானது. வேகம் இருந்தும் வெப்பத்துக்குப் பெயர் பெற்றது. ஏறக்குறைய அதே வடிவமைப்பை 2022-இல் தைவானின் டிஎஸ்எம்சி ஆலைக்கு மாற்றி 8 பிளஸ் ஜென் 1 என்று வெளியிட்டபோது, மின்செலவும் சூடும் வெகுவாகக் குறைந்தன. பழைய உச்சநிலைப் போனைக் குறைந்த விலையில் தேடுகிறவர்கள் ஸ்னாப்டிராகன் 888, 8 ஜென் 1 ஆகிய இரண்டையும் தவிர்த்து, 8 பிளஸ் ஜென் 1 அல்லது 8 ஜென் 2 உள்ள மாடல்களைப் பார்ப்பது நல்லது. புதிய நடுத்தரப் போனைவிட ஓரிரு ஆண்டு பழைய உச்சநிலைச் சிப் பெரும்பாலும் சிறப்பாக ஆடும். அதற்கு இன்னும் எத்தனை ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பு கிடைக்கும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெப்பம்

எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் இதுதான். கணினியில் விசிறி இருக்கிறது, பெரும்பாலான போன்களில் இல்லை. சிப்பில் உண்டாகும் வெப்பம் திரை வழியாகவும் பின்மூடி வழியாகவும் மெல்ல வெளியேற வேண்டும். அந்தச் சிறிய பரப்பு தொடர்ந்து சில வாட் அளவு வெப்பத்தைத்தான் வெளியேற்றும். உச்ச வேகத்தில் ஓடும் இன்றைய உயர்நிலைச் சிப் அதைவிடப் பன்மடங்கு மின்சாரத்தை இழுக்கும். முதல் சில நிமிடங்களுக்கு போனின் உடல் அந்த வெப்பத்தை உள்வாங்கிக்கொள்கிறது. உடல் முழுவதும் சூடேறிய பிறகு, கையையும் பேட்டரியையும் காப்பதற்காகப் போன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது.

நம் ஊர் வெயிலில் இது இன்னும் விரைவாக நிகழ்கிறது. ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற சூழல் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. வேலூரிலும் கரூர் பரமத்தியிலும் கோடையில் 40 டிகிரி தாண்டுவது வழக்கம். எனவே, குளிரூட்டிய அறையில் எடுக்கப்பட்ட ஆய்வு முடிவுகளில் சற்றுக் கழித்துக்கொண்டே நாம் கணக்கிட வேண்டும்.

வாங்குவதற்கு முன் இதை அளக்க ஒரு வழி இருக்கிறது. 3டி மார்க் என்ற சோதனைச் செயலியில் வைல்ட் லைஃப் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்ற பகுதி உண்டு. ஒரு நிமிடச் சோதனையை இருபது முறை இடைவிடாமல் ஓட்டி, மிகக் குறைந்த மதிப்பெண் மிக உயர்ந்த மதிப்பெண்ணில் எத்தனை சதவீதம் என்று அது காட்டும். பல ஆய்வாளர்கள் இந்தச் சதவீதத்தை வெளியிடுகிறார்கள். அதை மட்டும் தனியாகப் படித்தால் தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். ஒரு போன் 10,000 மதிப்பெண்ணில் தொடங்கி 55 சதவீதத்துக்கு இறங்கினால் கையில் மிஞ்சுவது 5,500. இன்னொன்று 7,000-இல் தொடங்கி 90 சதவீதத்தைக் காத்துக்கொண்டால் 6,300. உச்சத்தில் தோற்ற இரண்டாவது போனே அரை மணி நேர ஆட்டத்தில் வெல்கிறது. மிகச் சாதாரணமான சிப் 99 சதவீதம் காட்டுவதும் உண்டு; மெதுவான சிப் சூடாவதில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. ஆகவே சதவீதத்தையும் மதிப்பெண்ணையும் பெருக்கிப் பாருங்கள்.

விளையாட்டில் அளந்த ஃபிரேம் கணக்குகளைப் படிக்கும்போதும் சராசரியோடு நின்றுவிடாதீர்கள். சராசரி 58 என்று வந்த போனில் பெரும்பாலான நேரம் 60-உம், சண்டை மூளும் நேரத்தில் 30-உம் கிடைத்திருக்கலாம். ஆடுகிறவருக்கு அந்த 30தான் நினைவில் நிற்கும். நேரத்தோடு ஃபிரேம் மாறும் வரைபடத்தைக் காட்டும் ஆய்வுகளையே நம்புங்கள். அதில் கோடு நேராக இருக்கிறதா, இருபதாவது நிமிடத்துக்குப் பின் பல்பல்லாக மாறுகிறதா என்று பாருங்கள்.

அன்டுடு போன்ற சோதனைச் செயலிகள் தரும் ஒற்றை மதிப்பெண்களை நான் கடைசியில்தான் பார்ப்பேன். ஒரு பதிப்பில் வந்த மதிப்பெண்ணை அடுத்த பதிப்பில் வந்ததோடு ஒப்பிடக் கூடாது. மேலும், சோதனைச் செயலி ஓடும்போது ஒரு விதமாகவும் விளையாட்டு ஓடும்போது வேறு விதமாகவும் போன் நடந்துகொள்ளக்கூடும். 2022 மார்ச்சில் சாம்சங்கின் விளையாட்டு மேம்படுத்தும் மென்பொருள், விளையாட்டுகளின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சோதனைச் செயலிகளை மட்டும் தொடாமல் விட்டிருந்தது தெரியவந்தது. கீக்பெஞ்ச் என்ற சோதனைச் செயலியின் நிறுவனம், எஸ்22 உட்படப் பல கேலக்ஸி மாடல்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. பின்னர் சாம்சங் புதுப்பிப்பு ஒன்றை வெளியிட்டு, அந்தக் கட்டுப்பாட்டை விலக்கும் உரிமையைப் பயனாளர்களுக்குத் தந்தது.

ரேம், ஸ்டோரேஜ், பேட்டரி

8 ஜிபி ரேம் பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் போதும். மூன்றாம் நிலை விளையாட்டுகளை ஆடிக்கொண்டே குரல் உரையாடல் செயலியையும் திறந்து வைத்திருப்பவர் 12 ஜிபி வாங்கலாம். 8 கூட்டல் 8 என்று விளம்பரத்தில் வருவதில் இரண்டாவது எட்டு உண்மையான ரேம் அன்று. ஸ்டோரேஜின் ஒரு பகுதியை ரேமைப் போலப் பயன்படுத்தும் ஏற்பாடு அது. வேகத்தில் ரேமுக்கு வெகு தொலைவில் இருப்பதால் ஆட்டத்துக்கு அதனால் பயனில்லை. ஸ்டோரேஜைப் பொறுத்தவரை 128 ஜிபி விரைவில் போதாமல் போய்விடும். கென்ஷின் இம்பாக்ட் ஒன்றே 20 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. 256 ஜிபியும் யுஎஃப்எஸ் 3.1 அல்லது அதற்கு மேற்பட்ட வேகமான ஸ்டோரேஜ் வகையும் இருந்தால் நல்லது; பழைய, மெதுவான இஎம்எம்சி வகை ஸ்டோரேஜ் உள்ள போனை விளையாட்டுக்காக வாங்கவே வேண்டாம்.

பேட்டரியில் 5,000 எம்ஏஎச் என்பது இப்போது குறைந்தபட்ச அளவு. சிலிக்கான் கார்பன் வகை வந்த பிறகு, அதே தடிமனில் 6,000, 7,000 எம்ஏஎச் பேட்டரிகள் வருகின்றன. எடையையும் பாருங்கள், 220 கிராமைத் தாண்டிய போனை இரு கையாலும் ஒரு மணி நேரம் தூக்கிப் பிடிப்பது மணிக்கட்டுக்குத் தண்டனை. அளவைவிட நான் மதிப்பது பைபாஸ் சார்ஜிங் வசதியை. சார்ஜரை இணைத்து ஆடும்போது மின்சாரம் பேட்டரிக்குள் போகாமல் நேராகப் போனுக்கே போவதால், சார்ஜ் ஏறும் சூடும் ஆட்டத்தின் சூடும் ஒன்றுசேர்வதில்லை. அசுஸ் ஆர்ஓஜி, சோனி எக்ஸ்பீரியா வரிசைகளில் இந்த வசதி உண்டு. சாம்சங்கின் பல மாடல்களில் கேம் பூஸ்டர் அமைப்பில் இது இருக்கிறது. இது இல்லாத போனில் சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடும் பழக்கம் பேட்டரியின் ஆயுளை விரைவாகக் குறைத்துவிடும்.

கவனத்திலிருந்து தப்பும் சிறு விவரங்கள்

துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் போனைச் சாய்த்துக் குறிபார்க்கிறவர்களுக்கு, போனின் அசைவை உணரும் கைரோஸ்கோப் உயிர்நாடி. விலை குறைந்த சில மாடல்களில் அதற்கான தனிப் பகுதி இருப்பதில்லை. மற்ற சென்சார்களின் அளவுகளைக் கொண்டு மென்பொருளே ஊகித்துக்கொள்கிறது. அதனால் குறி தாமதமாகவும் நடுக்கத்தோடும் நகரும். விவரப் பட்டியலில் 'விர்ச்சுவல்' என்ற சொல் கைரோஸ்கோப்புக்கு முன் வருகிறதா என்று பாருங்கள்.

திரை தட்டையாக இருக்கட்டும். வளைந்த விளிம்பு உள்ளங்கையின் தொடுதலைத் தவறாக எடுத்துக்கொள்ளும். பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டுவதும் கடினம். 1080 பிக்சல் அளவே போதுமானது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் அமோலெட் திரையில் கறுப்பு ஆழமாகத் தெரிந்தாலும், குறைந்த வெளிச்சத்தில் சில திரைகள் கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் மினுக்குவதால் சிலருக்குக் கண்வலி வருகிறது. இரவில் அதிகம் ஆடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒலிக்கு, 3.5 மில்லிமீட்டர் துளை உள்ள போன் கிடைத்தால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். சாதாரண புளூடூத் இயர்போனில் ஒலி நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் தாமதமாக வரக்கூடும். எதிராளியின் காலடி ஓசை அவர் வந்து சேர்ந்த பிறகு கேட்பதில் பயனில்லை. துளை இல்லாவிட்டால் யுஎஸ்பி சி கம்பி இயர்போன் வாங்கலாம். இணையத்தைப் பொறுத்தவரை, விளையாட்டுக்கு வேண்டியது பெரிய பதிவிறக்க வேகமன்று. பிங், அதாவது விளையாட்டின் சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம், குறைவாகவும் ஏற்ற இறக்கம் இல்லாமலும் இருப்பதுதான். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை நெரிசலாக இருக்கும் என்பதால் 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள்.

ஐபோன் பற்றி ஒரு சொல். ஆப்பிளின் சிப்புகள் பல ஆண்டுகள் கழித்தும் விளையாட்டில் வலுவாகவே இருக்கின்றன. புதிய விளையாட்டுகளும் அவற்றில் நன்றாகப் பொருந்தி வருகின்றன. ஆனால் ஐபோன் 16 வரை சாதாரண மாடல்களின் திரை 60 ஹெர்ட்ஸ் மட்டுமே; 2025-இல் வந்த ஐபோன் 17-இல்தான் சாதாரண மாடலுக்கும் 120 ஹெர்ட்ஸ் கிடைத்தது. உயர் ஃபிரேம் வேண்டுகிறவர்கள் பழைய சாதாரண மாடல்களை விட்டு புரோ மாடல்களைப் பார்க்க வேண்டும்.

விளையாட்டுக்கென்றே வரும் ரெட்மேஜிக் போன்ற போன்களில் உள்ளேயே விசிறி உண்டு. கிடைமட்டமாகப் பிடிக்கும்போது மேல் விளிம்பில் அமையும் விசைகளும் உண்டு. ஆட்டத்தில் அவை சிறந்தவை. வாங்குவதற்கு முன் உங்கள் மாவட்டத்தில் பழுது பார்க்க ஆள் இருக்கிறாரா என்று மட்டும் விசாரியுங்கள். போனின் பின்புறம் ஒட்டும் குளிர்விப்பான்களும் பயன் தருகின்றன. ஆனால் சென்னை, நாகப்பட்டினம் போன்ற ஈரக்காற்று மிகுந்த கடலோர ஊர்களில் அவற்றை உச்சக் குளிரில் வைத்தால் போனின் மேல் நீர் கோக்கும். மிதமான அளவிலேயே வையுங்கள்.

வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

பழைய போன் வாங்குகிறவர் முதலில் *#06# அழுத்தி, ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைப் பார்க்க வேண்டும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணை எழுதி 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்தப் போன் தடை செய்யப்பட்டதா என்று தொலைத்தொடர்புத் துறையின் அமைப்பிலிருந்து பதில் வரும். அதன்பின் திரையை வெண்மையாக வைத்து, பழைய விளையாட்டுப் பொத்தான்களின் நிழல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அமோலெட் திரையில் நாள் கணக்கில் ஒரே விளையாட்டை ஆடியவரின் போனில் அந்த நிழல் நிலைத்துவிடும். விற்பவர் முன்னிலையிலேயே இருபது நிமிடம் ஆடிப் பாருங்கள். அதற்கு மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

புதிய போனாக இருந்தால், திருப்பித் தருவதற்கான காலக்கெடு முடியும் முன்பே சோதனையை முடித்துவிட வேண்டும். முதல் நாளில் போன் பின்னணியில் பல வேலைகளைச் செய்துகொண்டிருக்கும். எனவே இரண்டாம் நாளில், நீங்கள் வழக்கமாக ஆடும் அறையில், குளிரூட்டி போடாமல், உறையைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் தொடர்ந்து ஆடுங்கள். தடுமாற்றம் தெரிந்தால் கிராஃபிக்ஸ் தரத்தை ஒரு படி இறக்கி, ஃபிரேம் வேகத்தை 90-இலிருந்து 60-க்கு மாற்றி, திரை வெளிச்சத்தைக் குறைத்து மறுபடியும் ஆடிப் பாருங்கள். 90-க்கும் 50-க்கும் இடையே அலையும் ஆட்டத்தைவிட 60-இல் அசையாமல் நிற்கும் ஆட்டத்தில் குறி தப்பாது. இந்த அமைப்பிலும் இருபதாவது நிமிடத்தில் காட்சி விட்டுவிட்டு நகர்ந்தால், வரும் புதுப்பிப்பில் சரியாகிவிடும் என்ற விற்பனையாளரின் உறுதிமொழிக்காகக் காத்திருக்காமல், காலக்கெடுவுக்குள் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.